ரயில் ஓடாத நாளில் நடக்கும் வேலை: பார்த்தவர்கள், செய்தவர்கள் சொல்லுங்கள்

பாய்லர்மேன் மகள், ரெங்கம்

பழைய நீராவி ரயிலில் ஏறிப் படம் எடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். அந்த ரயிலைக் கழுவி, துடைத்து, பாதையைச் சீர்செய்து ஓடவைக்கிற வேலையைப் பார்த்தவர்களும் செய்தவர்களும் இங்கே எழுத வேண்டும் என்று ஆசை. நானே தொடங்குகிறேன்.

பிரிட்டனில் படித்தபோது கோடை விடுமுறையில் வேல்ஸ் நாட்டு டாலிலின் ரயில்வேயில் தொண்டூழியம் செய்தேன். 1865-இல் சிலேட்டுக் கல் ஏற்றப் போட்ட சின்ன பாதை அது. நடத்திவந்தவர் 1950-இல் இறந்ததும் மூடிவிடும் நிலைக்கு வந்தது. 1951-இல் ரயில் பிரியர்கள் ஒன்றுசேர்ந்து தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். தொண்டூழியர்கள் காப்பாற்றி ஓட்டிய முதல் ரயில்வே உலகிலேயே அதுதான். இன்றும் அந்தப் பாதை அவர்களை நம்பித்தான் ஓடுகிறது.

பயணிகள் கண்ணில் படுவது டிரைவர், டிக்கெட் கொடுப்பவர், கொடி காட்டுபவர். கொட்டகைக்குள் இருப்பதெல்லாம் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். சாம்பல் அள்ளுவார்கள், குழாய்க்குள் பிரஷ் விட்டுக் கரி எடுப்பார்கள், மண்ணெண்ணெய்த் துணியால் சக்கரம் துடைப்பார்கள். கிளீனராகச் சேர்ந்து, தேர்வானால் என்ஜின் அடுப்பை எரிக்கும் ஃபயர்மேன், அதற்குப் பிறகுதான் டிரைவர். வருஷக்கணக்கில் ஆகும். அதைவிடச் சின்ன வயதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதில் சிக்கல் இருந்தது. தொழிற்கூட வேலையில் சிறுவர்களை வைக்கக் கூடாது என்று அங்கே 1920-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், ரயில்வேயும் அதில் அடங்கும். சம்பளமில்லாத தொண்டூழியத்துக்கும் அது பொருந்துமா என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போயிற்று.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை பாய்லர் கழுவுவது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, சுற்றிலும் உள்ள பித்தளை பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். ஒரு ஓட்டைக்குள் வளைந்த குழாயை விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினால், அடுத்த ஓட்டை வழியாகச் சுண்ணாம்புப் படிவம் பொருக்குப் பொருக்காக வந்து விழும். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து உள்ளே பார்க்க வேண்டும். அடுப்பின் மேல்தகட்டில் படிவம் தங்கிவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே நிற்கும், தகடு கெட்டுப்போகும். தண்ணீர் தெளிந்து வரும்வரை விடக் கூடாது. பிளக்கு மரையைத் துடைத்து, கிராபைட் பூசித் திரும்ப முடுக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். முடுக்குகிற சாவி (ஸ்பேனர்) மட்டும் பிள்ளைகள் கையில்தான் இருக்கும். அந்த நம்பிக்கைதான் அவர்களை அடுத்த வாரமும் வரவைத்தது என்று நான் நினைக்கிறேன்.

என் அப்பா இங்கே மலேசியாவில் செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவர். போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மரையில பழைய கசடு இல்லாம எடுத்தியா?" சாப்பிட்டாயா என்று கேட்டது அதற்கு அப்புறம்தான்.

பழைய கேங் ஆள், லாயாங்-லாயாங்

நன்றாக எழுதியிருக்கிறாய் அம்மா. நான் கம்பிச்சடக்கில், அதாவது ரயில் பாதையில், வேலை பார்த்தவன். எங்களைப் பற்றியும் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

விடிந்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு பாதையோடு நடப்போம். தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டையைத் தட்டினாலே உள்ளே மக்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மூட்டுகளில் போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்குவோம். ஜொகூரில் பெருமழைக் காலம்தான் கண்டம். காலுவாய் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஜல்லிக்கு அடியில் மண் சேறாகும். ஒவ்வொரு ரயில் போகும்போதும் பாதை ஏறி இறங்கும், சேறு மேலே பொங்கும். அதனால் மண்டோர் (எங்கள் மேஸ்திரி) எங்களை முதலில் காலுவாய் வெட்டத்தான் அனுப்புவார். தண்டவாளத்தில் கைவைப்பது பிறகு. வேல்ஸிலும் மழை அதிகம் என்கிறார்களே, அங்கேயும் இப்படித்தானா?

பாய்லர்மேன் மகள், ரெங்கம்

அப்படியேதான் ஐயா. குளிர்காலத்தில் பிள்ளைகள் புதர் வெட்டுவதும் காலுவாய் தோண்டுவதும்தான் பெரிய வேலை. நீங்கள் சொல்வதை அங்கே ஒரு வகுப்பாகவே நடத்துவார்கள். இங்கே உங்களிடம் வந்து கேட்க ஆளில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தைப்பிங்வாசி

எங்கள் பக்கத்து அனுபவம் சின்னது. நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறந்தது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர். பாதை எப்போதோ போய்விட்டது. போர்ட் வெல்டுக்கு இப்போது கோல செபெத்தாங் என்று பெயர், அங்கே பழைய ஸ்டேஷன் பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது, அதில் தமிழும் உண்டு. படம் எடுக்க வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஓடுகிற நீராவி ரயில் பார்க்க வேண்டுமென்றால் சபாவுக்குத்தான் போக வேண்டும். தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பார் வரை, விறகு எரிக்கும் என்ஜின். நான் போய் வந்தேன், ஆனால் வண்டியை விட்டு இறங்கி அந்தக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. இதைப் படித்ததும் அடுத்த முறை அங்கேதான் முதலில் போவேன்.

தோட்டத்துப் பையன், ரெங்கம்

அக்கா, ஐயா, எங்களிடம் ஒரு சின்ன வண்டி இருக்கிறது. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்ற ஓடிய சின்ன ரயிலின் இரும்பு வண்டி, பழைய சாமான் கொட்டகைக்குப் பின்னால் லாலாங் புல்லுக்குள் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, கோயில் இளைஞர் குழுவில் நாங்கள் சில பேர் மேனேஜரிடம் கேட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டுகிறோம். ஒரு பக்கத்தில் பச்சைப் பெயின்ட் வெளியே வந்தது, அதன் கீழே வெள்ளையில் எழுதிய வண்டி எண். அன்றைக்கு யாருமே மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை.

இப்போது சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடித்துப் பார்க்கலாமா என்று ஒருத்தன், தீ வைத்துச் சூடாக்கலாம் என்று இன்னொருத்தன். இரண்டுக்கும் எனக்குப் பயம்.

பழைய கேங் ஆள், லாயாங்-லாயாங்

தம்பி, இரண்டும் வேண்டாம். முதலில் வண்டியைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்து, வண்டிக்கு அடியில் யாரும் கையை நுழைக்கக் கூடாது. அச்சுப் பெட்டி மூடியைத் திறந்து பழைய கிரீஸைச் சுரண்டி எடு. இறுகிக் கல்லாயிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடு, மறுநாளும் ஊற்று. அப்புறம் சக்கரத்தை லேசாக ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் சரி, சத்தம் அமுங்கினால் விரிசல் இருக்கலாம். அப்படியானால் அந்தச் சக்கரத்தைத் தொடாதே.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். லாயாங்-லாயாங்கிலிருந்து யாராவது மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

தோட்டத்துப் பையன், ரெங்கம்

நானே வருகிறேன் ஐயா. எட்டு மணிக்கு ஸ்டேஷன் முன்னால் நில்லுங்கள். அக்கா, உங்கள் அப்பாவையும் கூட்டி வாருங்கள், கிரீஸ் எந்த வகை போடுவது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.