இந்தியா சிமெண்ட்ஸ் பழைய பத்திரங்கள்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். காலமான அப்பா பெயரில் கொஞ்சம் இந்தியா சிமெண்ட்ஸ் பங்குகள் இருக்கின்றன. எல்லாம் காகிதப் பத்திரம், டிமேட் (மின்னணுக் கணக்குக்கு மாற்றுவது) ஆகவில்லை, நாமினியும் (அப்பா நியமித்த வாரிசுதாரர்) கிடையாது.

2024-இல் அல்ட்ராடெக் என்ற சிமெண்ட் நிறுவனம் முதலில் இந்தக் கம்பெனியின் பங்குகளில் சுமார் 23 சதவீதம் வாங்கியது, பிறகு புரமோட்டர்களும் (கம்பெனியை நடத்திவந்தவர்கள்) அவர்களைச் சார்ந்தவர்களும் வைத்திருந்த 32.72 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டது. 25 சதவீதத்தைத் தொட்டால் மற்ற பங்குதாரர்களுக்கும் ஓப்பன் ஆஃபர் (அவர்கள் பங்குகளையும் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு) தரவேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. பங்குக்கு 390 ரூபாய் என்று அதுவும் வந்து முடிந்துவிட்டது.

ஒரே கையில் பெரும்பான்மை போனபின் எங்களைப் போன்ற சில்லறைப் பங்குதாரர் ஓட்டு எடுபடாது. அதனால் விற்றுவிடலாம் என்பது என் எண்ணம். அம்மாவுக்கு மனசில்லை!

அம்மா பெயருக்கு மாற்ற தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போதுமா, கோர்ட்டுக்குப் போகணுமா? ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காத பங்குகள் ஐஇபிஎஃப்புக்கு (கேட்பாரற்ற பங்குகள் போய்ச் சேரும் அரசு நிதி) போயிருந்தால் எப்படிப் பார்ப்பது? சமீபத்தில் இதைச் செய்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.