விக்டோரியா அரங்கின் முகப்பில் எது அசல், எது மறைந்தது?

கேள்வி: தேக்காவாசி

வணக்கம். ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவையொட்டி, சிங்கப்பூரின் எம்பிரஸ் பிளேஸ் வட்டாரத்தில் தமிழில் ஒரு மரபுநடையை வழிநடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். விக்டோரியா அரங்கம், இசையரங்கம் ஆகியவற்றின் பழைய படங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. 1920களின் படங்களில், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் சிலைக்குப் பின்னால் அரைவட்டமாக வளைந்த தூண்வரிசையும், முன்னால் சலவைக்கல் பதித்த சிறு குளமும் தெரிகின்றன. எண்பதுகளின் படங்களில் தூண்வரிசை இல்லை. முகப்பின் மேல்தளத் தாழ்வாரம் கண்ணாடியால் அடைக்கப்பட்டிருக்கிறது. இன்று இரண்டுமே இல்லை. எதை அசல் தோற்றம் என்று வருவோரிடம் சொல்வது?

பதில் 1: செங்கற்சுவர்

அசல் என்று ஒரே ஆண்டைச் சுட்ட முடியாத கட்டடம் இது. ஆண்டு ஆண்டாகப் பிரித்துச் சொல்வதே நேர்மை. 1862இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபந்தான் முதற்பகுதி. அப்போது கோபுரம் இல்லை. 1901இல் விக்டோரியா அரசியார் மறைந்தபின், அவர் நினைவாக ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் பிட்வெல் வடிவமைத்த நினைவு மண்டபம் (இன்றைய இசையரங்கம்) பக்கத்திலேயே எழுந்து 1905இல் திறக்கப்பட்டது. பிறகு பழைய நகர மண்டபத்தின் முகப்பைப் புதியதற்கு இணையாக மாற்றி, உள்ளே நாடக அரங்கமாக்கி, 1909இல் பணியை முடித்தார்கள். ஆகவே இன்று நாம் வியக்கும் அந்தச் சமச்சீர் அழகே, 1862இன் முகப்பை மறைத்து வந்ததுதான். 54 மீட்டர் உயரக் கோபுரத்தின் கடிகாரங்கூட 1906இல்தான் பொருத்தப்பட்டது.

தூண்வரிசை இன்னும் பிற்பட்டது. பாடாங் திடலில் 1887 முதல் நின்ற சிலையை, சிங்கப்பூர் நிறுவப்பட்டதன் நூற்றாண்டு விழாவுக்காக 1919இல் இங்கே கொண்டுவந்தபோது அதற்கெனவே எழுப்பப்பட்டது. அதுவரை அவ்விடத்தில் இருந்தது சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் சுலாலங்கோன் அளித்த வெண்கல யானை. அது இப்போது பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நிற்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் சிலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, தூண்வரிசை அழிந்தது. 1946இல் சிலை மட்டுமே திரும்பியது.

பதில் 2: மேடைவாசல்

முன்னவர் கூறியதை ஏற்கிறேன். ஆனால் கண்ணாடியையும் தூண்வரிசையையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. நினைவு மண்டபத்தை 1979இல் சிங்கப்பூர் சிம்ஃபொனி இசைக்குழுவின் இருப்பிடமாக்கியபோது, வெளி இரைச்சலைத் தடுக்கத் தாழ்வாரத்தை அடைத்தார்கள். மண்டபத்துக்குள்ளும் பெரிய மேல்மாடம் ஒன்றைச் சேர்த்தார்கள். 2010 முதல் 2014 வரை நடந்த சீரமைப்பில் அடைப்பு நீக்கப்பட்டது, மேல்மாடமும் சுருக்கப்பட்டது. மண்டபத்தின் உயரமும் சன்னல் வளைவுகளும் மறுபடியும் கண்ணுக்குத் தெரிகின்றன. இதை இழப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

என் வருத்தம் நாடக அரங்கைப் பற்றியது. 1950களில் மாற்றியமைக்கப்பட்ட அதன் உட்புறத்தில் சுமார் 900 இருக்கைகள் இருந்தன; தமிழ் நாடகங்கள் பல அந்த மேடையில்தான் அரங்கேறின. இன்றைய அரங்கில் 614 இருக்கைகளே உள்ளன. நெருக்கமும் ஒலித்தெளிவும் கூடியுள்ளன என்பது உண்மைதான். இருந்தும், 1992இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தில் வெளிமுகப்பைக் காத்த அளவுக்கு உட்புறத்தைக் காக்கவில்லை என்பதை உங்கள் நடையில் சொல்லாமல் விடாதீர்கள். முகப்பைப் பார்த்தே பாதுகாப்பை அளக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

பதில் 3: ஆற்றங்கரை

உட்புறத்தில் எஞ்சியதும் ஒன்று உண்டு. பழைய மர இருக்கைகளைத் தாங்கிய வார்ப்பிரும்புச் சட்டங்களைத் தூக்கி எறியாமல், சுவரில் அடுக்கி வேலைப்பாடாக்கியிருக்கிறார்கள். அருகில் சென்று பார்த்தால், ஒரே அச்சில் வார்த்த வளைவுகள் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப வருவது தெரியும். எத்தனையோ பேர் அமர்ந்து நாடகம் பார்த்த இருக்கைகளின் பாகங்கள் அவை என்று விளக்கினால், சிறுவர்களும் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

நடையை வெளியிலிருந்து தொடங்காமல், இரு கட்டடங்களுக்கும் இடைப்பட்ட கூடத்தில் தொடங்குங்கள். 1862க்கும் 1905க்கும் நடுவே நிற்கிறோம் என்பதை அங்கே சொல்வது எளிது. பிறகு சிலையின் முன் வந்து, தூண்வரிசையுள்ள பழைய படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் காட்டுங்கள். யானையைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். அது சிறிது தூரந்தான்.