மறு: டிரக் பழுதுநூல் – ‘எக்சாஸ்ட் லீக்’குக்குச் சொல்

> ‘புகைக்கசிவு’ போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும். ஆனால் தப்பான இடத்தில் தேடவைக்கும். புகை என்றதும் சைலன்சருக்கடியில்தான் குனிவார்கள். இந்த அத்தியாயம் 1990களின் டாட்ஜ் ராம், 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் பற்றியது. அதில் ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் (எரிந்த வாயுவைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழல்) சேரும் இடத்தில் கசிந்தால் புகை கண்ணில் படவே படாது. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்கும். சூடேறி உலோகம் விரிந்ததும் சத்தம் அடங்கும். டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்று நினைத்து வால்வு இடைவெளியைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் போர்ட்டின் (ஹெட்டில் வாயு வெளியேறும் துளை) ஓரத்தில் கரி படிந்திருக்கும். அதனால் ‘கழிவளிக் கசிவு’ என்பதே என் பரிந்துரை. டர்போவுக்கு (கழிவளியால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) முந்தியது முன்கசிவு, பிந்தியது பின்கசிவு. முன்கசிவில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறையும், ஏற்றத்தில் கரும்புகை தள்ளும். பின்கசிவில் இழுவை அவ்வளவாகக் குறையாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் ஏறலாம், அதைச் சாதாரணமாக எழுதிவிட வேண்டாம்.

மேனிஃபோல்டுக்கு ‘பன்மடி’ வேண்டவே வேண்டாம். காற்றைப் பிரித்துக் கொடுப்பது பகிர்குழல், ஆறு போர்ட்டையும் சேர்த்து டர்போவுக்குக் கொடுப்பது திரட்டுக்குழல்.

வரைவில் ‘கோணல்’ என்றிருப்பதையும் பிரிக்க வேண்டும். ஹெட்டோடு பொருந்தும் முகம் கோணினால் மெஷின் ஷாப்பில் தேய்த்துச் சமன் செய்யலாம். இந்த எஞ்சினின் ஒற்றை வார்ப்புத் திரட்டுக்குழலோ சூடேறி ஆறி, சூடேறி ஆறி, நீளவாக்கில் சுருங்கிவிடும். இரு கோடியிலும் உள்ள போல்ட்டுகள் முறியும். அதற்குப் பெயர் ‘சுருக்கம்’. தேய்த்தால் தீராது, துளைகள் நேருக்கு வராது. வழுக்கு இணைப்போடு (ஒன்றுக்குள் ஒன்று நகரும் மூட்டு) துண்டுகளாக வரும் மாற்றுக் குழலைத்தான் போட வேண்டும்.

முறிந்த போல்ட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் நட்டு வைத்து வெல்டு செய்து மெதுவாகத் திருகி எடுக்கலாம். கேஸ்கெட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) போர்ட்டுக்கு ஒன்றாக ஆறு. 12 போல்ட்டையும் நடுவிலிருந்து இரு பக்கமும் போய், இரண்டு சுற்றில் 43 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும். ஒருமுறை ஓட்டி ஆறவைத்து மறுபடி சோதிக்க வேண்டும்.

—

ஐயா, திரட்டுக்குழலும் சுருக்கமும் அப்படியே இருக்கட்டும். முன்கசிவு மட்டும் இடிக்கிறது. பட்டறையில் ‘முன்’ என்றால் ரேடியேட்டர் பக்கம். பின்கோடியில் இருக்கும் ஆறாம் சிலிண்டரில் கசிந்தால் அதை முன்கசிவு என்று யார் சொல்வார்? வாய்க்காலுக்குச் சொல்வதுபோல் வரத்துக் கசிவு, போக்குக் கசிவு என்று வைக்கலாமே. டர்போவுக்கு வரும் வழி, போகும் வழி. ஆட்சேபணை இல்லையென்றால் வரைவில் மாற்றிவிடுகிறேன்.