எக்ஸ்570 சிப்செட் 80 டிகிரி: வோல்டேஜைக் குறைக்கவா, கிளாக்கைக் குறைக்கவா?

பாளை எடிட்டிங்:
அண்ணாச்சிகளுக்கு வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் சிஸ்டம். ரைசன் 7 3700எக்ஸ், எக்ஸ்570 போர்டு, ரெண்டு என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), ரெண்டு சாட்டா ஹார்டு டிஸ்க். ஏசி கிடையாது. அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் ரூமே 38 டிகிரி. எச்டபிள்யூஇன்ஃபோல (சூடு காட்டுற சாஃப்ட்வேர்) சிப்செட், அதான் டிஸ்க், யுஎஸ்பியை சிபியுவோட சேர்க்கிற போர்டு சிப், 80 காட்டுது, அதோட குட்டி ஃபேன் கீச்சுன்னு கத்துது. பயாஸ்ல (போர்டோட செட்டிங் மெனு) ‘1.00வி எஸ்பி வோல்டேஜ்’னு சிப்செட் வோல்டேஜுக்கு ஒரு வரி இருக்கு. அதைக் குறைச்சா சூடு எறங்குமா? கிளாக்கை, அதான் சிப் ஓடுற வேகத்தை, குறைக்க வழி உண்டா?

தச்சநல்லூர் சர்வீஸ்:
தம்பி, ரூம் 38, சிப் 80ன்னா வித்தியாசம் 42. மார்கழியில ரூம் 26க்கு எறங்கினா இதே போர்டு 68தான் காட்டும். அதனால மீட்டர்ல வர்ற நம்பரை விட்டுட்டு, இந்த வித்தியாசத்தைக் குறைக்கப் பாருங்க. 80ல சிப் கெட்டுப்போகாது. ஓயாம ஓடுத ஃபேனோட பேரிங்தான் மொதல்ல போகும்.

2019ல வந்த இந்தச் சிப் சுமார் 11 வாட் எடுக்கும். முந்தின எக்ஸ்470 ஏறக்குறைய அதுல பாதிதான். வித்தியாசத்துக்குக் காரணம் பிசிஐஇ 4.0, அதான் கார்டும் என்விஎம்இயும் பேசிக்கிற வழியோட நாலாம் தலைமுறை (ஜென்4).

சிப்செட்டுக்குன்னு தனியா குறைக்கிற கிளாக் பயாஸ்ல இல்ல. போர்டோட அடிப்படை கிளாக்கான பிசிஎல்கே 100 மெகாஹெர்ட்ஸைத் தொடவே தொடாதீங்க. பெரும்பாலான போர்டுல பிசிஐஇயும் அதையே நம்பி ஓடுது. சூடு குறையிறதுக்குள்ள டிஸ்க் காணாமப் போயிரும். உங்க கையில உள்ள வழி லிங்க் வேகம்தான். சில போர்டுல ‘எஸ்பி லிங்க் மோடு’, சிலதுல ‘சிப்செட் ஜென் ஸ்விட்ச்’னு பேர் இருக்கும். அதை ஜென்3ன்னு (முந்தின பிசிஐஇ 3.0 வேகம்) வையுங்க. சிப்செட் வழியா போற, என்விஎம்இ சொருகுற எம்.2 ஸ்லாட்டையும் ஜென்3 ஆக்குங்க.

சிபியுவுக்கும் சிப்செட்டுக்கும் நடுவுல உள்ள வழி நொடிக்குச் சுமார் 7.9 ஜிபியில இருந்து 3.9க்கு வரும். சாட்டா டிஸ்க் 200 எம்பியைத் தாண்டுறதே பாடு, அதுக்கு ஒரு நட்டமும் இல்ல. வேகமான என்விஎம்இயை சிபியுவோட நேரா சேர்ற எம்.2 ஸ்லாட்டுக்கு மாத்திருங்க, பொதுவா சிபியுவுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவுல இருக்கும். அதுவும் கார்டும் ஜென்4லயே ஓடும். எது நேரடி ஸ்லாட்டுன்னு போர்டு மேனுவல்ல பார்த்துக்கிடுங்க.

வள்ளியூர்க்காரன்:
வோல்டேஜ் பத்தி நான் சொல்லுதேன். பவர் வோல்டேஜோட வர்க்கத்துல போகும். 1.00ல இருந்து 0.95க்கு எறக்கினா கூடிப்போனா 10 சதவீதம், அதாவது ஒரு வாட் மிச்சம். அந்த ஒரு வாட்டுக்காக ஊரார் கல்யாண ஃபுட்டேஜைப் பணயம் வைக்கக் கூடாது. எடிட்டிங் மெஷின்ல நான் வேண்டாம்னுதான் சொல்வேன். வோல்டேஜ் பத்தாட்டி சிஸ்டம் உடனே தொங்காது. யுஎஸ்பி விட்டு விட்டு வரும், காப்பி நடுவுல நிக்கும். விண்டோஸ் ஈவன்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்கைத் திறந்து ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ ஈவன்ட் 17 இருக்கான்னு பாருங்க, இருந்தா பிசிஐஇ பிழையைத் திருத்திக்கிட்டே ஓடுதுன்னு அர்த்தம். டிஸ்க் தன் நிலைமையைச் சொல்ற ஸ்மார்ட் பட்டியல்ல சி7, அதான் சிஆர்சி (டேட்டா போற வழியில வந்த பிழை) எண்ணிக்கை, கூடினா சாட்டா வழியில கோளாறு. வோல்டேஜைத் தொட்டபிறகு கூடினா பழையபடி 1.00க்கே போங்க. தொடாமலே கூடினா கேபிளை மாத்துங்க.

எதை மாத்தினாலும் ஒரு 100 ஜிபி ஃபோல்டரை டிஸ்க் விட்டு டிஸ்க் காப்பி பண்ணி, ரெண்டு பக்கமும் எஸ்எச்ஏ-256 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு வேலையை ஆரம்பிங்க.

தச்சநல்லூர் சர்வீஸ்:
இன்னொண்ணு, கிராஃபிக்ஸ் கார்டு சிப்செட் ஃபேனை மூடிக்கிட்டு இருந்தா எந்த செட்டிங்கும் உதவாது. கேபினட் முன்பக்கம் கீழே ஒரு 120 மிமீ ஃபேன் உள்ளே இழுக்கிற மாதிரி போடுங்க, 800 ஆர்பிஎம் போதும். புளோயர் அடிக்கும்போது குட்டி ஃபேனைப் பல்குத்தும் குச்சியால நிறுத்திப் பிடிங்க. காத்துல கண்டபடி சுத்தினா பேரிங் போச்சு. தாழையூத்துப் பக்கம் சிமெண்ட் தூசி உள்ள இடம்னா மாசம் ஒருதரம் அடிக்கணும். ஹீட்சிங்கைக் கழட்டினா பழைய தெர்மல் பேடோட கனத்தை, அழுத்தம் படாத ஓரத்துல வெர்னியர் வச்சு அளந்து அதே கனத்துல வாங்குங்க. மெல்லிசா போட்டா சிப்பைத் தொடாது, தடிச்சா போட்டா ஸ்க்ரூ இறுக்கும்போது போர்டு வளையும்.

மேலப்பாளையம் ஜெராக்ஸ்:
அண்ணாச்சி, இடையில கேக்கேன். கடையில ஜி41 போர்டு, கோர் 2 டூயோ ஈ7500. நார்த்பிரிட்ஜ் (சிபியுவோட சேர்ற போர்டு சிப்) தொட்டா கை சுடுது. இதுக்கும் லிங்க்தானா?

வள்ளியூர்க்காரன்:
இல்ல, உங்க போர்டுல நெசமாவே கிளாக்கைக் குறைக்கலாம். அதுல மெமரி கன்ட்ரோலரும் டிஸ்ப்ளேயும் நார்த்பிரிட்ஜுக்குள்ளயே இருக்கு, எஃப்எஸ்பி, அதான் சிபியுவும் நார்த்பிரிட்ஜும் பேசிக்கிற வழியோட கிளாக், அதோட சேர்ந்து ஓடுது. பயாஸ்ல எஃப்எஸ்பி 266ஐ 200 ஆக்கினா சிபியு 11 பெருக்கல் 200, 2.2 கிகாஹெர்ட்ஸ். ஜெராக்ஸ், டிடிபிக்குத் தாராளம். ரேமும் கூடவே எறங்கும். அந்த ஆப்ஷன் இல்லாத போர்டும் நிறைய உண்டு.

ஆனா அதுக்கு முன்னாடி ஹீட்சிங்கைக் கழட்டுங்க. இத்தனை வருசத்துல பேஸ்ட் சுண்ணாம்பா காய்ஞ்சிருக்கும். போர்டுக்குப் பின்னால, ஹீட்சிங்கைப் பிடிச்சிருக்கிற பின்னோட ரெண்டு காதையும் நெருக்கிப் பிடிச்சு எடுக்கணும், நெம்பினா சிப் ஓரம் உடையும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு, அரிசி மணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்க. அதுக்கப்புறமும் சுட்டா எஃப்எஸ்பியைத் தொடுங்க.

பாளை எடிட்டிங்:
லிங்க் ஜென்3 ஆக்கியாச்சு, என்விஎம்இயும் மேல் ஸ்லாட்டுக்கு மாத்தியாச்சு. ரூம் 37ல சிப்செட் 69. எஸ்எச்ஏ ஒத்துப்போகுது, ஈவன்ட் 17 ஒண்ணும் இல்ல. வோல்டேஜைத் தொடல அண்ணாச்சி.