உயிர் எலியிலிருந்து ஃப்ரோசன் எலிக்கு: உங்கள் பாம்பு எப்படி மாறியது?

திருநகர்வாசி

என்னிடம் இருப்பது பால் பைதான் (ball python) என்கிற வளர்ப்புப் பாம்பு, பெண். கொடுத்தவரே "இது உயிரோட போட்டாத்தான் தொடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். இந்தப் பேச்சை இங்கே பலரும் கேட்டிருப்பீர்கள்.

மாற்றியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, தெரிந்தவர் வீட்டுப் பாம்பு ஒன்றின் முதுகைப் பார்த்தபோது. ராத்திரி பெட்டிக்குள் எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்கள். பாம்புக்குப் பசியில்லை, சுருண்டு படுத்துவிட்டது. எலிக்குப் பசி. முதுகுத்தண்டு ஓரமாகச் செதில் போய், சதை சிவந்து, ஓரிடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் குழியே விழுந்திருந்தது. காட்டில் எலிக்கு ஓட இடம் உண்டு, பாம்புக்கும் ஒதுங்க இடம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்குமே இல்லை. அதனால் 'உயிர் இரைதான் இயற்கை' என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடிவதில்லை.

முதலில் அப்போதுதான் கொன்ற எலியைக் கொடுத்துப் பழக்கினேன். அதை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஃப்ரோசன், அதாவது கொன்று உறையவைத்த எலி. முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குவது, கவரோடு வெந்நீரில் போட்டுச் சூடேற்றுவது, துடைத்து நீளமான இடுக்கியில் பிடித்து நீட்டுவது. மைக்ரோவேவ் பக்கமே போகக்கூடாது. உள்ளே வெந்து வயிறு வெடித்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நம்ம ஊர் வெயிலைப் பற்றி. பால் பைதானின் மேலுதட்டைக் கிட்டத்தில் பார்த்தால் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். சூட்டை அறிவது அவற்றால்தான். இரை சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடு என்கிற வித்தியாசம்தான் அதற்கு முக்கியம். வெளிநாட்டுக் குறிப்புகளை எழுதுகிறவர்கள் வீட்டில் அறை 20 டிகிரி இருக்கும். அங்கே 38 டிகிரி எலி, இருட்டில் ஏற்றிய விளக்கு மாதிரி தனியாகத் தெரியும். மதுரையில் மே மாதம் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறை ராத்திரி எட்டு மணிக்கும் 34, 35-ல் நிற்கிறது. வெந்நீரிலிருந்து எடுத்த எலி கொஞ்சம் ஆறினால் போதும், அறைச் சூடும் அதன் சூடும் ஒன்றாகிவிடும். பாம்பு நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். நாம் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வோம்.

அதனால் கோடையில் நடுநிசிக்குப் பிறகு, அறைச் சூடு இறங்கியதும்தான் கொடுக்கிறேன். கொடுப்பதற்குச் சற்று முன் எலியின் தலையை மட்டும் மறுபடி வெந்நீரில் முக்கித் துடைத்து, 40 டிகிரி வரை ஏற்றுகிறேன். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே காட்டினார்களே, அந்த வகைக் கருவி இதற்கு உதவும்.

என் பாம்பு முதன்முதலாக ஃப்ரோசன் எலியை எடுத்ததைச் சொல்லியாக வேண்டும். பெட்டியில் மறைவிடமாக வைத்த குகைக்குள்ளிருந்து தலை மட்டும் வந்தது. நாக்கு மெதுவாக, வெகு மெதுவாக அசைந்தது. கழுத்து பின்னால் வளைந்தது. அடித்தது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இடுக்கி கையில் உதறியபோதுதான் தெரிந்தது. விடுவதற்கு முன் லேசாக இழுத்தேன், எலி திமிறுவதுபோல அதற்குத் தோன்றட்டும் என்று. உடனே சுருள் இறுகியது. செத்த எலியைத்தான் அவ்வளவு நேரம் இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் சுருளைத் தளர்த்தி, மூக்கால் தடவித் தலை எங்கே என்று தேடி, தலையிலிருந்து விழுங்க ஆரம்பித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு நாள் கையில் எடுக்கவில்லை, தொந்தரவு செய்தால் கக்கிவிடும்.

ஒத்தக்கடை

அண்ணே, என்னிடம் இருப்பது கார்ன் ஸ்நேக். அதுக்கு அந்த உதட்டுக் குழியே கிடையாது. சூடு கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் வாசனைதான் அதுக்கு வழி. குட்டியாக இருந்தபோது பின்கியை (முடி முளைக்காத எலிக்குஞ்சு) நீட்டினால் பயந்து ஓடும். இடுக்கியை விட்டுட்டு, ஓட்டை போட்ட சின்ன டப்பாவுக்குள்ள பாம்பையும் பின்கியையும் சேர்த்து வச்சு, துணி போட்டு மூடிட்டேன். பின்கி மண்டையில ஊசியால லேசாக் கீறிவிட்டேன். பார்க்கச் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த வாசனைக்குத்தான் வந்துச்சு.

ராத்திரி முழுக்க அப்படியே விட்டுடலாம்னு சிலர் எழுதுறாங்க. நம்ம ஊர் சூட்டுக்கு அது சரிப்படாது, விடியிறதுக்குள்ள நாறிடும். ரெண்டு மணி நேரம் பார்த்துட்டு எடுத்துடுங்க.

அம்மா "அந்தக் கருமத்த என் ஃப்ரிட்ஜ்ல வச்சேன்னா பாரு"ன்னு வைஞ்சாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான், எலியிலயும் பாம்பிலயும் வயித்தக் கெடுக்குற சால்மோனெல்லா கிருமி இருக்கும். தனியா சின்ன ஃப்ரீசர் வாங்கிட்டேன். இடுக்கி, கிண்ணம் எல்லாமே தனி. சோப்புப் போட்டுக் கை கழுவாம எதையும் தொடுறதில்லை.

அழகர்கோவில் ரோடு

வீடுகளுக்குள் வரும் பாம்புகளைப் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைக்கிற வேலையில் இருக்கிறேன். சமீபத்தில் ஒரு பையன் வயலில் எடுத்த சாரைக்குட்டியை டப்பாவில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இதுக்கு ஃப்ரோசன் எப்படிப் பழக்குறது?" என்று கேட்டான். ஆசையாகத்தான் கேட்டான், திட்ட மனசு வரவில்லை. சாரை, தண்ணிப்பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. அதைச் சொல்லிப் புரியவைத்து, குட்டியை வனத்துறையிடம் சேர்த்தோம். அந்தச் சாரை வயலில் உயிர் எலியைப் பிடித்துத் தின்னட்டும், விவசாயிக்கும் அது நல்லது.

பால் பைதான் ஆப்பிரிக்கப் பாம்பு, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் (CITES) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்களுக்கான 2024 விதிகள்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்த இழையைப் படிக்கிற புதியவர்கள் தீனியைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

திருநகர்வாசி

பதிவு பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணே, என்னுடையது பதிவாகியிருக்கிறது.

தனிச்செய்தியில் ஒருவர், கார்த்திகையிலிருந்து தன் பால் பைதான் ஒன்றுமே தின்னவில்லை, திரும்ப உயிர் எலி போடட்டுமா என்று கேட்டிருந்தார். போடாதீர்கள். வளர்ந்த பால் பைதான் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையைக் குறித்து வாருங்கள். எடை நிலையாக இருந்தால், பெட்டியின் சூடான பக்கம் 31, 32 டிகிரி இருக்கிறதா, உடம்பு ஒட்டி நுழைகிற அளவுக்கு மறைவிடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எடை மளமளவென்று இறங்கினாலோ, வாயில் சளி தெரிந்தாலோ, குட்டியாக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தின கரண்ட் சாயங்காலம்தான் வருகிறது. அன்றைக்கு ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். திறந்து பார்க்கும்போது எலி மெத்தென்று உருகியிருந்தால் திரும்ப உறையவைக்க வேண்டாம், குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.