ஆற்று அடையல்களில் சீசியம்: விளக்க உதவி தேவை

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். 1986இல் நிகழ்ந்த செர்னோபில் அணு உலை விபத்தின் பின், அதன் அருகே ஓடும் பிரிப்பியாத் ஆற்று நீரில் சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருளின் செறிவு, அதன் ஏறத்தாழ 30 ஆண்டு அரைவாழ்வுக்காலம் (பாதியளவாகத் தேய எடுக்கும் காலம்) தரும் வேகத்தைவிட மிக விரைவாக முதற் சில ஆண்டுகளிலேயே வீழ்ந்தது என்று சொல்லிக்கொடுத்தேன். சீசியம் களித் துணிக்கைகளில் இறுகப் பிணைந்து ஆற்றின் கீழ்ப்புறமுள்ள கீவ் நீர்த்தேக்கத்தின் அடியில் படிய, இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரொன்சியம்-90 பெரும்பாலும் கரைந்தபடியே ஓடிச் செல்கிறது என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

களனி ஆற்றுக் கலங்கல் நீரைப் போத்தலில் நிரப்பி யன்னலோரம் வைத்தோம்; மணல் உடனே அமர்ந்தது, நுண்களி மறுநாளும் மிதந்தது. அதைப் பார்த்த மாணவி ஒருத்தி, வெள்ளம் அடியிலுள்ள களியைக் கிளறினால் என்னவாகும் என்று கேட்டாள். அருமையான கேள்வி.

கதிர்த்தேய்வு, புதையுண்டுபோதல், அடித்துச் செல்லப்படுதல் மூன்றையும் பிரித்துக் காட்டும் எளிய கணக்கு அல்லது வரைபு எவரிடமேனும் இருப்பின், சனிக்கிழமை வகுப்புக்கு முன் தந்துதவுங்கள்.