அப்புச்சிக்கு அமுச்சி வேறு ஆளாகத் தெரிகிறார், வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் கோபி பக்கம். அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, லூயி பாடி என்ற வகை மறதி நோய். கொஞ்ச நாளாக அமுச்சியைப் பார்த்து, "அவளாட்டவே வேசம் போட்டு வந்திருக்கறே, எம் பொண்டாட்டி எங்கே?" என்று கேட்கிறார். எங்களையெல்லாம் சரியாகத் தெரிகிறது, அமுச்சியை மட்டும்தான் இப்படி. சோறு போட்டால்கூடக் கை வைக்க மாட்டேன் என்கிறார். அமுச்சி ஒடிந்துபோய்விட்டார்.

இது காப்கிரா மருட்சி. பிரான்சில் 1923-இல் ஜோசப் காப்கிரா என்ற மனநல மருத்துவர் விவரித்தது. முகம் தெரிகிறது, ஆனால் அதோடு எழ வேண்டிய பாசம் எழுவதில்லை. அதனால் மனம் 'இது வேறு ஆள்' என்று முடிவுகட்டுகிறது என்பது ஒரு விளக்கம். அமுச்சி பக்கத்து அறையிலிருந்து போனில் பேசினால் நம்புகிறார். "பொழுதோட வந்துரு" என்கிறார்!

சொந்தக்காரர்கள் செய்வினை, மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். இந்த நோயில் சில மனநல மாத்திரைகள் உடம்பை விறைக்க வைத்து ஆபத்தாகிவிடும், அதனால் அனுபவமுள்ளவர்தான் வேண்டும்.

ஈரோடு, கோவை, திருப்பூரில் முதியோர் மனநலம் பார்ப்பவர் யாராவது தெரியுமா? வீட்டுக்கு வந்து பார்த்தால் ரொம்ப நல்லது. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் பேசியவர்கள் அனுபவம் சொல்லுங்கள். அப்புறம், இதே நிலையில் வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்தவர்கள், அவர் கோபப்படும்போது எதிர்த்துப் பேசாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? அமுச்சியிடம் பேச அப்படி ஒருவர் கிடைத்தாலே பெரிய உதவி.